ரபாயேல் மச்சானுக்கு ஊர் எது

மாத்தளைக் கடைவீதியில் மிளகு, கொக்கோ, பாக்கு வாங்குகிற இராயப்பனைத் தெரியாதவர் கிடையாது. அந்த இராயப்பன் நான்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். மூட்டை தூக்கினேன், லொறியில் கிளீனராக நின்றேன், பிறகு அதே லொறியை விலைக்கு வாங்கினேன். முதலாளி என்று இப்போது கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் என்னை “டேய்” என்று கூப்பிட்டவர்கள். அதையெல்லாம் எழுத வேறு புத்தகம் வேண்டும். இது என் அக்கா மார்ஜரியின் புருஷன் ரபாயேல் மச்சானைப் பற்றியது. நான் இல்லாவிட்டால் அவர் காரியம் நடந்திருக்காது என்பதால் இடையிடையே நானும் வருவேன்.

மச்சான் மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் பயிர் செய்தார். பெரிய ரோட்டிலிருந்து உள்ளே இறங்கினால் ஓடைக்கு அந்தப் பக்கம் மூன்று ஏக்கர் மேட்டு நிலம். குரக்கன் எனும் கேழ்வரகு, சோளம், எள்ளு, மிளகாய், வேலியோரம் பூசணி. ஆள் நெடுநெடு என்று இருப்பார். எதையும் பேசுவதற்கு முன் ஒரு தடவை இருமுவார். இருமிவிட்டுப் பேசாமலே போவதும் உண்டு. மீதியை அக்கா பேசிவிடுவாள். சொந்தப் புகையிலையில் சுருட்டுச் சுற்றிக் குடிப்பார். என் கடைச் சுருட்டை ஒரு நாள் நீட்டினேன். மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “யாருக்காவது குடுங்க மச்சான், வீணாப் போயிரும்” என்று திருப்பித் தந்தார்.

எங்கள் சனத்தில் அவர் குடும்பம் ஒரு மாதிரி. மற்ற எல்லாரும் தேயிலைத் தோட்டத்துக் கூலி வரிசை வீடுகளில், லயத்தில், பிறந்து வளர்ந்தவர்கள். என் அப்பாவும் அப்படித்தான். ரபாயேல் மச்சான் வீட்டார் மட்டும் ஒரு துரைக்கும் ஒரு நாளும் கூலியாகப் பேர் பதிந்ததில்லை. அவருடைய தாத்தா சந்தியாகு காலத்திலிருந்து அந்த மூன்று ஏக்கர்தான். சிங்களச் சனங்கள் அந்த இடத்தையே சந்தியாகேஹேன என்று சொல்வார்கள், சந்தியாகு காடு வெட்டிப் பயிரிட்ட சேனை நிலம் என்று அர்த்தம். அக்காவை அங்கே கட்டிக்கொடுத்தபோது எங்கள் சனத்தில் சிலர், காட்டில் கொண்டுபோய் விடுகிறார்களே என்று பேசினார்கள். ஆறு மாதம் கழித்து அதே ஆட்கள் பூசணிக்காய் கேட்டு அந்தக் காட்டுக்குப் போனார்கள்.

சந்தியாகேஹேன என்று பேர் இருந்ததே தவிர, நிலம் சட்டப்படி அரசாங்கத்து முடிக்காணி. கையில் ஒரு உறுதிப் பத்திரமும் கிடையாது. யாரும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. சுதந்திரம் கிடைத்து ஐந்தாறு வருடம் ஆனபோது கேட்கிற காலம் வந்தது. நாலந்தாப் பக்கத்து முடிக்காணிகளைக் குடியிருக்கிற சனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப் போகிறார்கள் என்று பறையடித்தார்கள். இதற்காக அதிகாரி வந்து ஆட்களை ஒவ்வொருவராக விசாரிப்பதைக் காணிக் கச்சேரி என்பார்கள். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நடந்தது. இலங்கைப் பிரஜைக்குத்தான் காணி. தானும் இங்கே பிறந்து, தன் தகப்பனும் இங்கே பிறந்திருந்தால் பிரஜை. இல்லையென்றால் அந்த மூன்று ஏக்கர் வேறொருவர் பேரில் போகும்.

நான் அன்று கொழும்புக்கு மிளகு ஏற்றிப் போயிருந்தேன். நான் இருந்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். திரும்பி வந்தபோது அக்கா கடை வாசலில் உட்கார்ந்திருந்தாள். கையில் மகள் மரிய கொறற்றி, அப்போது சின்னப் பிள்ளை.

“என்னக்கா, காணி கெடச்சிச்சா?”

“உங்க மச்சானையே கேளு. வாயைத் தொறக்காத மனுசன் அன்னைக்குப் பாத்து வாயைத் தொறந்திருக்காரு.”

நடந்தது இதுதான். அதிகாரி சிங்களவர். தமிழ் ஆட்கள் வருவார்கள் என்று ஒரு மொழிபெயர்ப்பாளரையும் கூட்டி வந்திருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடி போட்டவர். அவர் மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார்.

“ஐயா, உங்கட ஊர் எது?”

மச்சான் இருமிவிட்டு, “துறையூர்” என்று சொல்லியிருக்கிறார்.

“அது எங்க இருக்கு?”

“திருச்சிப் பக்கம்.”

“உங்கட தகப்பனாருக்கு?”

“அவருக்கும் அதே ஊருதான்.”

அவர் அதை அப்படியே சிங்களத்தில் சொல்ல, அதிகாரி இந்தியா என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். மொழிபெயர்த்தவர் மேல் பிழை இல்லை. கேட்டதற்கு மச்சான் சொன்னார், மச்சான் சொன்னதை அவர் சொன்னார்.

நான் அன்றைக்கே லொறியை எடுத்துக்கொண்டு நாலந்தாவுக்குப் போனேன். மச்சான் மிளகாய்க்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

“மச்சான், நீங்க துறையூரக் கண்ணால கண்டிருக்கீங்களா?”

“இல்ல.”

“உங்க அப்பா, மாமா, கண்டிருக்காரா?”

“இல்ல.”

“அப்பறம் எதுக்கு அந்தப் பேரைச் சொன்னீங்க?”

“ஊரு கேட்டாங்க. சொன்னேன்.”

எங்கள் சனத்தோடு பழகாதவர்களுக்கு இது விளங்காது. எங்களில் ஒருவரை எந்த ஊர் என்று கேட்டால், பாட்டன் பூட்டன் கப்பலேறின இந்தியக் கிராமத்தைத்தான் சொல்வோம். கண்டியில் பிறந்து கண்டியில் சாகிறவனுக்கும் ஊர் அரியலூராக இருக்கும். கல்யாணம் பேச வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். என் ஊர் லால்குடி. அது வடக்கே இருக்கிறதா தெற்கே இருக்கிறதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

“நாலந்தான்னு சொல்லிருக்கலாமே மச்சான்.”

“நாலந்தா எப்படி ஊராகும்? இது நாம இருக்கிற எடம். பைபிள் மேல கைய வச்சு ஊரை மாத்திச் சொல்லச் சொல்றீங்களா? நாளைக்கு இந்தப் புள்ளைக்கு மாப்பிள்ளை கேட்டு வர்றவங்க, தகப்பன் காணிக்காக ஊரை வித்தவன்னு சொல்ல மாட்டாங்களா?”

அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பேசிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்.

மேல் விசாரணைக்கு மனுப் போடலாம் என்றார்கள். போட்டோம். ஆனால் அதற்குள் மாமா, அதாவது மச்சானுடைய தகப்பன் சவரிமுத்து, இந்த மண்ணில் பிறந்தார் என்று காட்ட வேண்டும். அவர் செத்துப் பல வருடம். பிறப்புப் பதிவு கிடையாது. அந்தக் காலத்தில் காட்டுக்குள் பிறந்த பிள்ளைக்கு யார் பதிந்தார்கள்? பெரிய வக்கீல் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, கஷ்டம் என்று தலையை ஆட்டினார். நான் தலையை ஆட்டுகிற ஆள் இல்லை. இந்தக் குடும்பத்தின் வேர் எங்கே போகிறதோ அதுவரை தோண்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். கடையை ஆட்களிடம் விட்டேன். அந்த மாதம் மிளகில் எனக்கு நட்டம்தான், ஆனால் அதை நான் ஒருவரிடமும் சொல்லிக் காட்டியதில்லை.

முதலில் போனது கலந்தர் நானாவிடம். நாலந்தாவில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அவருடைய மூத்தவாப்பா, தகப்பனின் தகப்பன், பொதிமாடு ஓட்டின ஆள். மன்னார் ரோட்டில் உப்பும் கருவாடும் கொண்டுவந்து மாத்தளையில் விற்பார். அந்த ரோட்டில் நடந்த கதை எதுவும் அந்த வீட்டுக்குத் தெரியாமல் இருக்காது.

நானா எனக்கு இஞ்சித் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டுச் சொன்னார்.

“எங்கட மூத்தவாப்பா சொல்லி நான் கேட்டீக்கிறேன். மாத்தளைக்கு ரயில் வர முந்தின காலம். கோப்பித் தோட்டத்துக்கு ஆளுங்க மன்னார்ல இருந்து நடந்துதான் வருவாங்க. அப்படி ஒரு கூட்டத்துல ஒரு புருசன் பொஞ்சாதி. பொம்பளைக்குக் காய்ச்சல், நடக்க ஏலல்ல. கங்காணி, வந்தா வா, வராட்டி கெடன்னுட்டுப் போய்ட்டான். புருசன் பொஞ்சாதியோட நாலந்தாவுல நிண்டுட்டாரு. அவருதான் சந்தியாகு.”

“அப்பறம்?”

“எங்கட மூத்தவாப்பா மாடு கட்டுற எடத்துல காவலுக்கு வச்சீக்கிறாரு. சிறுத்தை வார காலம். சம்பளத்துக்குப் பதிலா ஒரு பொட்டலம் குரக்கன் விதை கேட்டாராம் மனுசன். தின்னக் கேக்கல்ல, விதைக்கக் கேட்டாரு. அதுதான் சந்தியாகேஹேன.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அப்ப மாமா சவரிமுத்து இங்கதானே பொறந்திருக்கணும்?”

நானா தாடியைத் தடவினார்.

“அங்கதான் சிக்கல் தம்பி. அந்தப் பொம்பளை வரக்கொள்ள புள்ளை கையில இருந்திச்சா, வயித்துல இருந்திச்சா? அது எனக்குத் தெரியாது. தெரியாததச் சொல்லி நான் சத்தியம் பண்ண மாட்டேன்.”

கையா, வயிறா? மூன்று ஏக்கரும் அந்த ஒரு கேள்வியில் வந்து நின்றுவிட்டது. கையில் வந்தால் இந்தியாப் பிள்ளை, வயிற்றில் வந்தால் இலங்கைப் பிள்ளை. அக்காவிடம் சொன்னபோது அவள் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்.

“அந்தக் கெழவி கப்பலேறக் கொஞ்சம் பிந்தியிருந்தா நம்ம காணி போயிருமா?”

“சட்டம் அப்படித்தான்கா.”

“நல்ல சட்டம்” என்றாள்.

அது குரக்கன் அறுத்திருந்த நேரம். நான் வாசலில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்க, மச்சான் புதுக் குரக்கனில் ஒரு பெட்டி அள்ளி, துணியால் மூடித் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

“எங்க மச்சான்?”

“டிங்கிரி மெனிக்கே வீட்டுக்கு. மொத அள்ளுறது அங்க போகணும்.”

டிங்கிரி மெனிக்கே ஓடைக்கு மேல்கரையில் இருந்த சிங்களக் கிழவி. எண்பது இருக்கும்.

“கடனா?”

“கடனில்ல.”

“அப்பறம் எதுக்கு?”

“எங்கப்பன் குடுத்தாரு. நானும் குடுக்கிறேன்.”

“ஏன்னு கேட்டதில்லையா?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “குடுக்கிறதுக்குக் காரணம் கேப்பாங்களா?”

வியாபாரம் செய்கிற மூளை சும்மா இருக்காது. ஒரு சாமான் ஒரே வீட்டுக்கு இரண்டு தலைமுறையாகப் போகிறதென்றால் எதற்காவதுதான் போகும். நானும் கூடவே போனேன்.

கிழவி பெட்டியை வாங்கி, ஒரு கை அள்ளி மோந்து பார்த்தாள். போன வருடத்துக் குரக்கன் இதைவிட நல்லது என்றாள். மச்சான் சிரித்தார். நான் சிங்களத்தில் கேட்டேன், என் சிங்களம் கடைவீதிச் சிங்களம், எவனோடும் மல்லுக்கு நிற்கும்.

“அம்மே, இந்தக் குரக்கன் எதுக்கு உங்களுக்கு வருது?”

அவள் பதிலைத் தமிழில் எழுதுகிறேன்.

“எனக்கா வருது? என் அம்மாவுக்கு வந்தது. அம்மா போன பிறகு எனக்கு. என் அம்மாதான் இவனுடைய அப்பாவைப் பூமிக்கு இறக்கினவள். அந்தத் தமிழ்ப் பெண்ணுக்கு மாட்டுப்பட்டியில் வலி கண்டிருக்கிறது. புருஷன் ஓடி வந்து எங்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதானாம், பாஷை தெரியாது, வயிற்றைத் தொட்டுத் தொட்டுக் காட்டினானாம். அம்மா போய்ப் பிள்ளையை எடுத்தாள். கூலி கொடுக்க அவனிடம் ஒன்றும் இல்லை. முதல் விளைச்சலில் ஒரு பெட்டி கொண்டுவந்தான். அப்புறம் நிறுத்தவே இல்லை. அம்மா போதும் என்று சொன்னாளாம், அது அவனுக்கு விளங்கவில்லை.”

நான் மச்சானைப் பார்த்தேன். ஐம்பது வயது மனுசன், வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் தகப்பன் பிறந்த கதையை அன்றுதான் கேட்கிறார். இருமினார்.

“இதை வந்து அதிகாரிகிட்ட சொல்வீங்களா அம்மே?”

“பஸ்ஸுக்கு ஏற ஒரு கை பிடித்தால் வருகிறேன்.”

இதோடு வென்றேன் என்று நினைத்தேன். ஆனால் சாட்சி எத்தனை கொண்டுபோனாலும், அந்தக் கண்ணாடிக்காரர் மறுபடி ஊர் எது என்று கேட்பார், மச்சான் மறுபடி துறையூர் என்பார், பழையபடி இந்தியா என்று விழும். அதற்கு என்ன செய்வது என்று எனக்கே விளங்கவில்லை.

அந்த வாசலிலேயே அதுவும் விளங்கியது. கிழவியின் சொந்தக்காரர் ஒருவர் தம்புள்ளையிலிருந்து வந்து உள்ளே படுத்திருந்தார். அவர் எழும்பி வந்து, மச்சானைப் பார்த்துச் சும்மா கேட்டார், “கம கொஹெத?”

கிராமம் எது என்று சிங்களத்தில் யாரும் யாரையும் கேட்கிறதுதான். மச்சான் இருமக்கூட இல்லை.

“மெஹெ தமய். நாலந்த.” இங்கேதான், நாலந்தா.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“மச்சான், இப்ப என்ன சொன்னீங்க?”

“நாலந்தான்னேன்.”

“அன்னைக்குத் துறையூருன்னீங்களே?”

“அன்னைக்கு ஊரு கேட்டாங்க. இவரு கம கேக்கிறாரு.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“எப்படி ஒண்ணாகும்?” என்றார், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. “ஊருன்னா ஊரு. கமன்னா கம.”

மேல் விசாரணை அன்று நான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மாத்தளையில் தைத்தது. அதே பள்ளிக்கூடம், அதே கண்ணாடிக்காரர், அதிகாரி மட்டும் வேறு ஆள். வாங்குப் பலகைகளில் எங்கள் சனம் நிறையப் பேர். அவர்கள் எல்லாருக்கும் அன்று நல்லபடி அமையவில்லை. அதைச் சொல்லாமல் எழுதினால் நான் எழுதியது பொய்.

மச்சானைக் கூப்பிட்டதும் நான் முந்திக்கொண்டு எழும்பினேன்.

“ஐயா, ஒரு வேண்டுகோள்.”

“நீ யார்?” என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

“இவருடைய மச்சான். மாத்தளையில் மிளகு, கொக்கோ—”

“நான் மிளகு வாங்க வரவில்லை. விஷயத்தைச் சொல்.”

“இவரைத் தமிழில் கேட்க வேண்டாம் ஐயா. சிங்களத்தில் கேளுங்கள். நன்றாகப் பேசுவார்.”

வாங்கில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தமிழன் தமிழில் கேட்காதே என்கிறானே என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். கண்ணாடிக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது.

“அப்ப நான் இஞ்ச என்னத்துக்கு இருக்கிறன்? என்ர தமிழ் உங்களுக்கு விளங்கேல்லையோ?”

“உங்க தமிழ் ரொம்ப நல்லா விளங்குதுங்கய்யா” என்றேன். “அதுதான் கஷ்டமாப் போச்சு.”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி என்று மச்சானை நேரே பார்த்துக் கேட்டார், கம கொஹெத? நாலந்தா. அப்பாவின் கம? நாலந்தா. தாத்தா? கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து இங்கே விதைத்தார்.

அதிகாரி பழைய குறிப்பைப் புரட்டினார். “இதில் துறையூர் என்று இருக்கிறதே. அது என்ன?”

மச்சான் நிதானமாக இருமினார். சிங்களத்தில் பேசிக்கொண்டே அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில் வைத்தார்.

“அது எங்கள் ஊரு, மஹத்தயா.”

“போயிருக்கிறாயா?”

“இல்லை.”

“யாராவது கடிதம் போடுவார்களா?”

“இல்லை.”

“பின்னே அங்கே உனக்கு என்ன இருக்கிறது?”

“ஒன்றும் இல்லை. பேர்தான் இருக்கிறது. நிலம் இங்கே இருக்கிறது.”

அதிகாரி கண்ணாடிக்காரரிடம் ஏதோ கேட்டார். அவர் யோசித்துவிட்டு, இந்தச் சனங்கள் ஊர் என்றால் அப்படித்தான் சொல்வார்கள் சேர், எனக்கு முன்பே பட்டிருக்க வேண்டும் என்று விளக்கிச் சொன்னார். அவர் நல்ல மனுசன், நான் மறுக்க மாட்டேன். பிறகு என்னிடம் மிளகு வாங்கக்கூட வந்தார்.

அடுத்து டிங்கிரி மெனிக்கே. கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். சொன்னதையே சொன்னாள். அதற்கு ஆதாரம் என்ன என்று அதிகாரி கேட்டார்.

“ஆதாரத்தை ஒவ்வொரு வருடமும் தின்றுவிட்டோமே மகனே” என்றாள் கிழவி. “எண்பது வருடமாகக் குரக்கன் வருகிறது. ஒன்றும் நடக்காமலா ஒருவன் சுமந்துகொண்டு வருவான்?”

பிறகு கலந்தர் நானாவும் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார். அதுவே அதிகாரிக்குப் பிடித்தது என்று எனக்குத் தோன்றியது. அவர் எழுதினார், எழுதினார், கடைசியில் தலையைத் தூக்கி, “ரபாயேல், போய் உன் வேலையைப் பார்” என்றார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்று மாதம் கழித்துத்தான் விளங்கியது, ரபாயேல் பேரில் மூன்று ஏக்கருக்கும் பெர்மிட் வந்தது. அக்கா அதை மாதா படத்துக்குப் பின்னால் செருகினாள். நான் கொழும்புக் கறுவாக்காட்டுப் பெரிய வக்கீல் ஒருவரையும் பிடிக்காமல், மூன்றாம் வகுப்புப் படிப்போடு இதைச் சாதித்தேன் என்று கடைவீதியில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொன்னேன்.

பெர்மிட் வந்த வாரமே மச்சான் என் லொறியைக் கேட்டார். அவர் என்னிடம் எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை. குருநாகல் பக்கம் போய்த் தென்னங்கன்று ஏற்றி வந்தோம், பத்துப் பன்னிரண்டு பலாக்கன்றும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சந்தியாகு காலத்திலிருந்து அந்த மூன்று ஏக்கரில் இந்த வீட்டார் வைத்த மரம் என்று ஒன்றும் கிடையாது. எல்லாம் போட்ட வருடமே அறுக்கிற பயிர். நாளைக்கு எழும்பு என்றால் எழும்ப வேண்டிய நிலத்தில் யார் மரம் வைப்பார்கள்?

“மச்சான், தென்னைக்குப் பதிலா மிளகு வைங்க. மூணே வருசம். நானே வாங்கிக்கிறேன்.”

“உங்களுக்கு மூணு வருசம் தெரியும்” என்றார். “இது எனக்கப்பறமும் நிக்கும்.”

இப்போது அந்த மரங்களுக்கு இருபது வயதாகிறது. மச்சானுக்கு எழுபது தாண்டிவிட்டது. இன்னும் அதே சுருட்டு, அதே இருமல். மரிய கொறற்றியை அலுவிகாரையில் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை வீட்டார் ஊர் கேட்டார்கள், துறையூர் என்று தலைநிமிர்ந்து சொன்னார். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாலந்தாவுக்குப் போயிருந்தேன். தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். பலா மரம் அடியிலிருந்தே காய்த்துத் தொங்குகிறது.

“எப்படி மச்சான்?” என்றார்.

“நல்லாத்தான் இருக்கு. நான் லொறி தராட்டி இதெல்லாம் வந்திருக்குமா?”

“லொறிக்கு டீசல் நான்தானே அடிச்சேன்.”

“பாதிதான் அடிச்சீங்க.”

“பாதி மரத்துல நீங்களும் புடுங்கிக்கிட்டுப் போங்க. யாரு வேணாங்குறா? உங்க கடையில இது மாதிரி நட்ட எடத்துல நிக்கிற சாமான் ஏதாச்சும் இருக்கா?”

அதற்குள் அக்கா குசினிக்குள்ளிருந்து கத்தினாள்.

“ரெண்டு பேரும் அண்ணாந்து பாத்துக்கிட்டே நில்லுங்க, தேங்காய் மண்டையில விழட்டும். பலாக்காய்க் கறி ஆறுது, வந்து தின்னுட்டுச் சண்டை போடுங்க.”